காறை எலும்பு

ஆமாங்க, அந்த பிளக்ஸ்ல இருக்கிறது நான்தான். பரவாயில்லையே, கண்டுபிடிச்சிட்டீங்களே! மூஞ்சிய வெளுப்பாக்கி, உதட்டுக்குச் சாயம் பூசி, எங்க வீட்டுக்காரரே பஸ் ஸ்டாண்டு வாசல்ல நின்னு பாத்துட்டு, 'யாரு மீனா இந்தம்மா'ன்னு கேட்டாரு. நீங்க எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க? தோளா? ஆமா, இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். பழகிப் போச்சு.

உக்காருங்க. பைய மடியில வச்சுக்கங்க, கீழ தண்ணியாக் கெடக்கு. இந்தக் கவர் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும். இடைஞ்சல்தான், ஆனா மடக்கக் கூடாது. மடக்குனா சார் கொன்னே போட்டுருவாரு.

மேடமெல்லாம் வேணாம், அழகுமீனான்னு பேரு, மீனான்னே சொல்லுங்க. நீங்களும் கருக்காம்பட்டி ஸ்கூலுக்குத்தானா? மக கபடி ஆடுதா? பேரு? மிதுனா. நல்ல பேரு. பத்தாவதா. ரைடரா, கேட்சரா? ரைடர்! நெனச்சேன். ரைடரைப் பெத்தவ மூஞ்சியே தனி. கேட்சரைப் பெத்தவ நிம்மதியா உக்காந்து கடலை உரிப்பா.

என்னது, என் கதையச் சொல்லிச் சொல்லித்தான் மிதுனா சோறே திங்குதா? அது நம்ம கோச்சு தவமணி சார் வேலை. இருபது வருசமாச் சொல்றாரு, இன்னும் அலுக்கல மனுசனுக்கு. 'எலும்பு ஒடஞ்சும் ஆடுன அழகுமீனா.' பிளக்ஸ்லயும் அதான். கீழ நான் சொன்னதாப் போட்டிருக்கே, 'வலின்னு சொன்னாத்தான் வலி', படிச்சீங்களா? நான் சொன்னதுதான். ஏதோ ஒரு நாள் வாய்க்கு வந்ததச் சொன்னேன். எழுதிப்புட்டாங்க.

ஓ, மிதுனாவுக்குத் தலைவலியா? முந்தாநாள் பிராக்டீஸ்லயா? எதுல இடிச்சுச்சாம்?

இன்னொருத்தி முழங்காலா.

இல்லங்க, ஒண்ணுமில்ல. இந்த ஜன்னல் கண்ணாடி ஆடுது பாருங்க, கடகடன்னு. டிக்கெட்டக் கிழிச்சு இடுக்குல சொருகினேன், அப்பவும் நிக்கல. உங்களுக்குக் கேக்குதில்ல? கேக்குதுன்னா சரி.

சார்கிட்டச் சொல்லிராதேன்னு சொல்லுச்சா. ம். அதுவும் என் கதைதான்.

நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஊர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் இருக்கு. நீங்க யாரோ, நான் யாரோ. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்ல. கேட்டுட்டு நீங்களே நியாயத்தச் சொல்லுங்க, என் மேல தப்பு இருக்கான்னு.

முதல்ல தவமணி சாரப் பத்திச் சொல்லிர்றேன். அவர நீங்க தப்பா நெனச்சிரக் கூடாது. அவரு இல்லாட்டி நான் பதினஞ்சு வயசுல நூல் மில்லுக்குப் போயிருப்பேன். எங்கப்பா 'பொட்டப்புள்ளைக்கு என்ன சடுகுடு'ன்னாரு. சார் வந்து எங்க வீட்டு வாசப்படியில உக்காந்துட்டாரு. 'நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன் மாமா.' எங்கப்பாவுக்கு அவரு என்ன உறவு? ஒரு உறவும் கெடையாது. ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் உக்காந்திருந்தாரு. எங்கம்மா தாங்க மாட்டாம ரெண்டு தோசையக் கொண்டாந்து வச்சிச்சு. சாப்பிடல. எங்கப்பா சரின்னப்புறம்தான் சாப்பிட்டாரு. ஆறிப்போன தோசை.

காலையில அஞ்சரைக்கு கிரவுண்டுல நிப்பாரு. ஊற வச்ச கொண்டக்கடலை, ஆளுக்கு ஒரு பிடி, அவரு கையால கொடுப்பாரு. ஒரு பொண்ண ஒரு நாள் அடிச்சதில்ல. திட்டுனதுகூட இல்ல. பேசுவாரு, அவ்வளவுதான். பேசுனா ஒடம்பெல்லாம் சிலுத்துக்கும். அவருக்காக செவுத்துல போய் முட்டலாம்னு தோணும்.

ரெண்டாயிரத்து நாலுல ஸ்டேட்டு பைனல். ஸ்கூல் டீமுங்களுக்குள்ள நடக்கிறது. எதிர் டீமுல ஒருத்தி கார்னர்ல நின்னா. பேரு தெரியாது, நாங்க உலக்கைன்னு வச்சிருந்தோம். ரைடு போறத எங்க பக்கம் பாடப் போறதுன்னு சொல்வோம், உங்களுக்குத் தெரியாததா. கபடி கபடின்னு பாடிக்கிட்டே போகணும், தொட்டுட்டு, பாட்ட விடாம நடுக்கோட்டுக்குத் திரும்பிரணும். பாட்டு நின்னா அவுட்டு. நான் பாடப் போனேன். உலக்கை என் தொடையக் கட்டித் தூக்கி அடிச்சா. மூச்சே நின்னுபோச்சு. அவுட்டு. எங்க ஆளுங்க பாயிண்டு எடுத்து என்னத் திரும்ப உள்ள கூப்பிட்டாங்க. மறுபடி போனேன். மறுபடி அதே தொடை, அதே அடி.

முதல் தடவ வலிச்சுச்சு. ரெண்டாவது தடவ பயம் வந்துருச்சுங்க.

அவுட்டானவங்க வரிசையா உக்காந்திருப்போம்ல, அங்க உக்காந்திருக்கேன். எங்க ஆளு ஒருத்தி பாயிண்டு எடுத்தா நான் உள்ள போகணும். பொண்ணுங்க எல்லாம் பாயிண்டு கெடைக்கணும்னு சாமி கும்பிடுதுங்க. நான் கெடைக்கக் கூடாதுன்னு கும்பிடுறேன். சொந்த டீமு தோக்கட்டும், என்ன உள்ள கூப்பிடாம இருந்தாப் போதும். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டத்தான்.

எடுத்துட்டா. எங்க ஆளு பாயிண்டு எடுத்துட்டா. 'மீனா உள்ள வா'ன்னு கத்துறாங்க. எனக்கு வேற வழி தெரியல, இடது தோளப் புடிச்சுக்கிட்டேன். 'சார், தோளு வலிக்குது, தூக்க முடியல'ன்னேன்.

சார் என்னையப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. கண்டுபிடிச்சிட்டாரோ என்னமோ, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தன் துண்ட எடுத்து என் தோள இறுக்கக் கட்டுனாரு. காதுக்கிட்ட வந்து, 'வலிக்கட்டும் தாயி. வலியோட போ. ஒரே ஒரு ரைடு'ன்னாரு.

போனேன். வலிக்குதுன்னு சொன்னப்புறம் கைய வீசிக்கிட்டா போக முடியும்? தொங்கவிட்டுக்கிட்டுத்தான் போனேன். உலக்கை என்ன நெனச்சா, இது செத்த பாம்புன்னு நெனச்சா. அசால்ட்டா முன்னாடி வந்தா. திரும்பி நின்னு ஒரு உதை விட்டேன் பாருங்க, அவ தாடையில பட்டுச்சு, பக்கத்துல வந்தவ முட்டியிலயும் பட்டுச்சு. ரெண்டு பாயிண்டு. பாட்ட விடாம கோட்டத் தொட்டேன். விசில். ஒரு பாயிண்டுல ஜெயிச்சோம்.

அந்த உதை மட்டும் நெசம். அத எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது.

அப்புறம் தூக்கிட்டாங்க. அழுகுறாங்க, கும்பிடுறாங்க. சார் பேப்பர்காரர்கிட்ட 'காறை எலும்பு முறிஞ்சிருச்சு, அப்படியே ஆடுனா'ங்கிறாரு. இந்தா, கழுத்துக்குக் கீழ குறுக்க ஓடுதே, இதான் காறை எலும்பு. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. படம் எடுத்தாங்க. டாக்டரு வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு, 'ஒண்ணுமே இல்லையே, எதுக்கு வந்தீங்க'ன்னாரு. சுளுக்குகூட இல்லையாம்.

மறுநாள் பேப்பர்ல வந்துருச்சு. ஊர் எல்லையில மேளம். எட்மாஸ்டரு மால வச்சுக்கிட்டு நிக்கிறாரு. அதுல எப்படிங்க போய், இல்ல, சும்மா சொன்னேன்னு சொல்றது? நியாயத்தச் சொல்லுங்க. பதினேழு வயசு எனக்கு.

ரெண்டு நாள் கழிச்சு சார் ஒரு எக்ஸ்ரே கொண்டாந்தாரு. எலும்பு ரெண்டாப் போயிருந்துச்சு அதுல. மூலையில பேரு இருக்கிற எடத்துல பிளாஸ்திரி ஒட்டி, மேல பேனாவுல 'அழகுமீனா, பன்னிரண்டாம் வகுப்பு'ன்னு எழுதியிருந்தாரு. அது யாரோட படம்னு எனக்குத் தெரியாதுங்க. கம்பவுண்டர் யாரோ கொடுத்திருக்கணும். ஏதோ கலந்துருச்சு போலன்னு நெனச்சேன்.

இல்ல, தெரியும். தெரியும்னே வச்சுக்கங்க.

மொத வருசம் ஆயுத பூஜைக்கு, பம்பு, நெட்டு, விசிலோட அதையும் வச்சு சந்தனம் வச்சாங்க. அப்புறம் அது பழக்கமாயிருச்சு. ஒவ்வொரு டோர்னமெண்ட்டுக்கும் முந்தி காலையில பொண்ணுங்க வரிசையா நிப்பாங்க. சார் எக்ஸ்ரேயத் தூக்கி வெயிலுக்குக் காட்டுவாரு. அந்த முறிவு தெரியும், வெள்ளைக்கு நடுவுல கறுப்பா ஒரு கோடு. ஒவ்வொருத்தியும் அந்தக் கோட்டத் தொட்டு, தன் இடது காறை எலும்பத் தொட்டுக்குவா. உங்க மிதுனாவும் தொட்டிருக்குமே? சொல்லுச்சா?

இதுல ஒரு கூத்தக் கேளுங்க. படத்து மேல பெருசா 'R'ன்னு ஒரு எழுத்து இருக்கும். ரைட்டு, வலது தோளு. நான் தொங்கவிட்டது இடது. ஒருத்தி கேட்டுட்டா, 'சார் ஆர்னா என்ன சார்'னு. சார் கண்ண மூடித் தெறக்கல, 'ஆர்னா ரைடர்'னுட்டாரு. கைதட்டிட்டாங்க பொண்ணுங்க! சிரிங்க, பரவாயில்ல. நானும் அன்னிக்குச் சிரிச்சேன். அந்தப் பேப்பர் செய்தியப் பாத்துட்டு ஒருத்தர் ஸ்கூலுக்கு விரிச்சு ஆடுற ரப்பர் மேட்டு வாங்கிக் கொடுத்தாரு. புழுதியில விழுந்த பொண்ணுங்க மேட்டுல விழுந்தாங்க. நல்லதும் நடந்துச்சு, அதையும் சொல்லணும்ல. எனக்கு வேலை கெடச்சது அதனால இல்ல. அது ஆட்டத்துக்குக் கெடச்சது. சர்டிபிகேட்டுக்கு.

வருசா வருசம் மே மாசம் கேம்புக்கு சார் என்னையக் கூப்பிடுவாரு. 'வந்து நின்னாப் போதும் மீனா, நீ பேசக்கூட வேணாம்.' போவேன். யாருக்குத்தான் புடிக்காது? கிரவுண்டுக்குள்ள நுழைஞ்சா முப்பது பொண்ணுங்க எந்திரிச்சு நிக்கும். ஆபீஸ்ல எனக்கு பியூன்கூட எந்திரிக்க மாட்டான்.

அப்படி ஒரு கேம்புலதான் ஜெசிந்தா வந்தா.

பதினொண்ணாவது படிச்சா. அப்பா இல்ல, அம்மாவுக்குத் தோல் பதனிடுற ஷாப்புல வேலை. ஒல்லியா, முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி நடப்பா, ஆனா கோட்டுக்குள்ள எறங்குனா எங்க நிக்கிறா, எங்க திரும்புறான்னு கண்ணுக்குத் தெரியாது. என்னைய விடப் பத்து மடங்கு பிளேயரு, மனசாரச் சொல்றேன். ஆனா அவ என்ன செஞ்சா தெரியுமா? இடது தோள்ல துண்டு கட்டிக்கிட்டு ஆடுனா. ஒரு காயமும் இல்ல, சும்மா. இடது கையத் தொங்கவிட்டுக்கிட்டுப் பாடப் போவா. நான் நடக்கிற மாதிரியே நடப்பா. நான் இடது தோள எறக்கி எறக்கி நடந்து எனக்கே அது நெசமாயிருச்சா, அவளும் அதே மாதிரி எறக்கி நடக்கிறா. பாக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். பெருமையாவும் இருக்கும்.

ஒரு நாள் தண்ணித் தொட்டிகிட்ட வந்து கேட்டா, 'அக்கா, அப்ப ரொம்ப வலிச்சுச்சா?'

நான் சொல்லிட்டேங்க. சத்தியமாச் சொன்னேன். 'அடியே, நீங்க நெனைக்கிற மாதிரி அப்படி ஒண்ணும் பெருசா ஒடையலடி'ன்னேன். அவ என்ன சொன்னா? சிரிச்சா. 'பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான்க்கா அடக்கமாப் பேசுவீங்க'ன்னா. அதுக்கு மேல நான் என்ன சொல்றது? சும்மா நிக்க முடியாம, 'வலின்னு சொன்னாத்தான் வலி'ன்னேன். அத அவ நோட்டுல எழுதிக்கிட்டா. சார்கிட்டக் காட்டுனா. சார் செவுத்துல எழுதிட்டாரு.

பாருங்க, சொன்னேனா இல்லையா? நான் மறைக்கல.

என்னங்க அப்படிப் பாக்குறீங்க. சொல்லிட்டேன்ல.

ரெண்டாயிரத்துப் பத்து, ஜனவரி. நம்ம ஸ்கூல்லயே ஜோனல் மேட்சு. செமிபைனல்ல ஜெசிந்தா கணுக்காலப் புடிக்கப் பாஞ்சா. அந்தப் பொண்ணோட முழங்கால் இவ நெத்திப் பொட்டுல இடிச்சுச்சு. விழுந்தா, உடனே எந்திரிச்சிட்டா. எல்லாரும் கைதட்டுனாங்க. சாயங்காலம் கக்கூஸ் பின்னாடி போய் வாந்தி எடுத்திருக்கா. கூட இருந்த ரெண்டு பொண்ணுங்ககிட்ட, 'சார்கிட்டச் சொன்னீங்க, உங்களோட பேசவே மாட்டேன்'னு சொல்லியிருக்கா. இதெல்லாம் பின்னாடிதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் பைனல். நான் முதல் வரிசையில உக்காந்திருக்கேன், பொன்னாட எல்லாம் போட்டு. காலையிலயே எக்ஸ்ரே தொடுற சடங்கு முடிஞ்சிருச்சு. அன்னிக்கு மொத ஆளா ஜெசிந்தா தொட்டா. படத்தப் புடிச்சது நான்தான். சார் 'இன்னிக்கு நீ புடி மீனா'ன்னாரு. தொட வந்தவ கை, கோட்டுல படல. படத்துக்கு வெளியில, காத்துல போய்த் தொட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே ரெண்டாந்தரம் தொட்டா.

வெயிலு கண்ணக் கூசுதுன்னு நெனச்சேன். நான் என்ன டாக்டரா?

செகண்ட் ஆஃப்ல அவள உள்ள விட்டாங்க. பாடப் போறதுக்கு முந்தி என்னையப் பாத்தா. இடது காறை எலும்பத் தொட்டா. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். 'போகட்டுமாக்கா?'ன்னு கேக்குறா. நான் வேணாம்னு தலையாட்டியிருந்தா அவ நின்னுருப்பா. சார் சொன்னாக்கூட நிக்க மாட்டா, நான் சொன்னா நின்னுருப்பா. நான் என்ன செஞ்சேன்? நானும் என் எலும்பத் தொட்டுக் காட்டுனேன். முன்னூறு பேரு பாக்குறாங்க. கைதட்டு. விசிலு.

போனா. கபடி கபடி கபடின்னு போனா. எதிராளிங்க பக்கம் போகல. ஒரு வட்டம் போட்டா. இன்னொரு வட்டம். ஏதோ புது டெக்னிக்குன்னு ஜனங்க கத்துறாங்க. பாட்டு சன்னமாயிருச்சு, ஆனா விடல. மெதுவா மேட்டுல உக்காந்தா. உக்காந்துக்கிட்டே பாடுறா. நடுக்கோடு இந்தா, இந்த சீட்டுக்கும் அந்தக் கம்பிக்கும் உள்ள தூரம்தான். கைய நீட்டுனா தொட்டிரலாம். நீட்டல. படுத்துட்டா. வாய் மட்டும் அசஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

வேன்ல ஏத்துனாங்க. அப்பவும் உதடு அசையுது. ஒரு கையால என் கையப் புடிச்சிருந்தா, இந்த ரெண்டு விரல. நான் ஏறப் போனேன். சார் வந்து, 'மீனா, பரிசு நீதான் கொடுக்கணும், எல்லாரும் உக்காந்திருக்காங்க, நான் கூடப் போறேன்'னாரு. நான் ஜெசிந்தா காதுகிட்டப் போய், 'நீ போ கண்ணு, நான் பின்னாடியே வர்றேன்'னு சொன்னேன். விரல எடுத்தேன். எடுக்க வேண்டியிருந்துச்சு, தானா விடல.

கப்பு கொடுத்தேன். போட்டோ எடுத்தாங்க. கடைசி கப்பு கொடுக்கும்போது போன் வந்துச்சு. மதுரைக்குப் பாதி வழியில முடிஞ்சிருச்சுன்னு.

தவமணி சார் எட்டு நாள் சாப்பிடல. அவரு அழுததப் பாத்தா நீங்க தாங்க மாட்டீங்க. ஜெசிந்தா அம்மா கால்ல விழுந்தாரு. அந்தம்மா ஒரு வார்த்த கேட்டுச்சு, 'ஏன் சார், எம்புள்ள வலிக்குதுன்னு உங்ககிட்டச் சொல்லலையா?'ன்னு. சொல்லலைன்னாரு. நெசம்தானே அது? சொல்லவே இல்லையே. அப்புறம் அவ பேருல ஜெசிந்தா நினைவுக் கோப்பைன்னு ஆரம்பிச்சாரு. அவ போட்டோவ எக்ஸ்ரே பக்கத்துல மாட்டுனாரு. அதான் இன்னிக்கு நடக்கிறது, பதினாலாவது வருசம். வருசா வருசம் நான்தான் சிறப்பு விருந்தினர். நான் போகாம இருந்தா, ஏன் வரலன்னு கேப்பாங்கள்ல?

அந்தப் பாட்டு நிக்கவே இல்லைங்க. ஆபீஸ்ல பிரிண்டர் ஓடுனா கேக்குது. குக்கர் விசிலுக்கு முந்தி தட தடன்னு ஆடும்ல, அதுல கேக்குது. ராகம் மாறாம, மூச்சு எடுக்காம. அவ இன்னும் கோட்டத் தொடல, அதான். இப்ப இந்தக் கண்ணாடியில.

இந்தக் கவருல அந்த எக்ஸ்ரேதான் இருக்கு. படத்துல அங்கங்க பூத்துப் போச்சு, லேமினேஷன் பண்ணிட்டு வான்னு சார் கொடுத்து விட்டாரு. கடைக்காரம்மா, 'பிளாஸ்திரிய எடுத்துட்டுத்தான் போடணும், குமிழு வரும்'னுச்சு. வேணாம்னு புடுங்கிட்டு வந்துட்டேன். இருபது வருசத்துல அத உரிச்சுப் பாத்ததில்ல. எதுக்கு?

என்ன சொன்னீங்க?

வாந்தியா? எப்ப? நேத்து ராத்திரியா? காலையிலயும் எடுத்துச்சா? எத்தன தடவ? நீங்க ஏங்க இத முதல்லயே சொல்லல! தலைவலின்னுதானே சொன்னீங்க, வாந்தின்னு சொல்லலையே! பித்தம்னு நெனச்சீங்களா? எலுமிச்சம்பழம் வாங்கிட்டுப் போறீங்களா? ஐயோ, நானும் பாருங்க, முழங்கால்னு சொன்ன ஒடனே கேட்டிருக்கணும், அத விட்டுட்டு என் கதைய...

போன் போடுங்க. பொண்ணுங்க போனு ஹாஸ்டல் வார்டன்கிட்டயா? எடுக்கலையா? இருங்க, நான் சாருக்குப் போடுறேன். மணி பத்தே கால். பதினோரு மணிக்குத்தான் மேட்சு.

சார். சார், மீனா பேசுறேன். வந்துக்கிட்டே இருக்கேன் சார். ஆமா சார். இல்ல, லேமினேஷன் பண்ணல... சார், ஒரு பொண்ணு, மிதுனான்னு... ஆமா, நல்லா ஆடுமாம்... இல்ல சார், அதுக்கு... வரிசையில நிக்கிறாங்களா? வெயிலு ஏறிருச்சா? சரி சார். கொண்டாந்துர்றேன். சரி சார்.

வச்சிட்டாரு. மைக் சத்தத்துல அவருக்குக் காது கேக்கல.

கேக்கலங்க. நெசமாத்தான். அப்படிப் பாக்காதீங்க. முப்பத்தேழு வயசாச்சு, இன்னும் அந்தக் குரலக் கேட்டா எனக்கு 'சரி சார்' தவிர வேற வர மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?

மில் கேட்ல எறங்கினா ஸ்கூலுக்கு ஓடை வழியாப் பத்து நிமிசமா? பஸ்ஸு ஊரச் சுத்திப் போகும், ஆமா. எறங்குங்க, எறங்கிருங்க. ஆனா ஒண்ணு, நீங்க சொன்னா மிதுனா நம்ப மாட்டா. பயந்தாங்கொள்ளி அம்மான்னு நெனப்பா. ஜெசிந்தா என்னையவே நம்பல. 'அடக்கமாப் பேசுறீங்க'ன்னா. நீங்க போய் அந்தக்கா எலும்பு ஒடையவே இல்லையாம்னு சொன்னா, உங்களப் பாத்துச் சிரிப்பா. அவ தொட்ட கோடு அவளுக்குத் தெரியும்ல.

இந்தாங்க, இதக் கொண்டு போங்க. இருங்க. இந்த பிளாஸ்திரிய உரிக்கணும். நகம் போக மாட்டேங்குது. நீங்க உரிங்க. ஓரத்துல இருந்து. வந்துருச்சா? படிங்க.

சோலைமுத்து. ஆண். வயசு ஐம்பத்தி ரெண்டு.

சோலைமுத்து. யாரோ. இருக்காரோ, போய்ச் சேந்துட்டாரோ. அவரு எலும்பத்தான் தொட்டுத் தொட்டு... சரி. உங்க கையக் கொடுங்க. இங்க தொட்டுப் பாருங்க. இடது பக்கம். அழுத்துங்க, வலிக்காது. ஒடைஞ்சு கூடுனா மேடு தட்டும். தட்டுதா? வாயத் தெறந்து சொல்லுங்க. ஒண்ணுமில்ல, வழுவழுன்னு இருக்குன்னு சொல்லுங்க. ஒருத்தர் வாயால நான் கேக்கணும்.

கேட் வந்துருச்சு. கண்டக்டர், எறங்கணும்! விசில் அடிங்க! மேட்டுல எறங்க விடாதீங்க அவள. படத்தக் காட்டுங்க, பேரப் படிக்கச் சொல்லுங்க, ஆம்பள பேரும்மான்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. ஓடுங்க. நீங்க போங்க, நான் பின்னாடியே வர்...

இல்ல. நில்லுங்க. என்ன விட்டுட்டுப் போகாதீங்க. நானும் எறங்குறேன், அவ முன்னாடி நானே சொல்றேன். என் கைய விட்றாதீங்க, படி உசரமா இருக்கு.